பழைய கிளைகளுக்கும் திருத்தம் போக வேண்டும்: ஞாயிறு கூடுகிறோம்

நண்பர்களே, வணக்கம்.

நம் முறைப்பாசனச் செயலியில், மாதத்தின் 31-ஆம் தேதி தண்ணீர் முறைப் பட்டியலில் விடுபட்டுப்போகும் பிழையை முதன்மைக் கிளையில் (புது வேலை நடக்கும் நிரல் வரிசை) சரிசெய்து இரண்டு மாதமாகிறது. 2.1, 2.2 என்ற பழைய பதிப்புகளின் கிளைகளுக்கு அது போகவே இல்லை. கடைமடை ஊர்களில் இன்னும் 2.1தான் ஓடுகிறது. பேராவூரணிப் பக்கம் ஒரு பெரியவர் காட்டிய தாளில் மே 30-க்கு அடுத்த வரி ஜூன் 1. அவர் முறை 31-இல் வர வேண்டியது. மனசு கேட்கவில்லை. மேட்டூரை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குள் இதை முடித்தாக வேண்டும்.

ஜூன் 7, ஞாயிறு மாலை 5 மணி. கும்பகோணம், வழக்கமான இடம்.

1. திருத்தம் முதலில் முதன்மைக் கிளையில். லினக்ஸ் கெர்னலின் ஸ்டேபிள் (வெளியான பதிப்புக்குத் திருத்தம் மட்டும் போகும்) கிளைகளுக்கும் இதே விதிதான்.
2. அப்புறம் கிட் செர்ரி-பிக் (ஒரு கிளையின் திருத்தத்தை மட்டும் எடுத்து இன்னொரு கிளையில் இடும் கட்டளை). '-எக்ஸ்' சேர்க்க மறக்க வேண்டாம். மூல கமிட்டின் (பதிவான மாற்றத்தின்) அடையாளம் புது கமிட்டின் குறிப்பிலேயே பதிந்துவிடும். பின்னால் தேடுபவருக்கு அதுதான் தடம்.
3. பழைய கிளைக்குப் புது வசதி வேண்டாம்.
4. திருத்தமும் பழைய நிரலும் ஒத்துப்போகாமல் மோதல் வந்தால், திருத்தத்தை எழுதியவரைக் கேட்டுவிட்டுத் தீர்த்துவையுங்கள்.

எந்தக் கிளையை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று வெள்ளி இரவுக்குள் இங்கே பதில் போடுங்கள். 2.1-க்கு இன்னும் ஆள் இல்லை.