சரோஜாவுக்கு: லங்காவி வேண்டாம், பெர்ஹெந்தியான் போவோம்

ஈப்போ
தைப்பூசம் முடிந்த வாரம்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் தைப்பூசத்துக்கு முதல் நாள் கைக்கு வந்தது. கல்லுமலைக் கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் பொறுப்பை எங்கள் தெருப் பெண்கள் ஏற்றிருந்ததால் உடனே உட்கார்ந்து பதில் எழுத முடியவில்லை. பேரன் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறான் என்று எழுதியிருந்தாயே, அதை இவரிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். இங்கே எல்லாரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகும் எனக்குக் காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பள்ளி மணி உடம்புக்குள்ளேயே தங்கிவிட்டது போலிருக்கிறது.

சரி, பயண விஷயத்துக்கு வருகிறேன். லங்காவிக்கு டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்று உன் மகள் சொல்கிறாள். பாசமான பிள்ளை. ஆனால் லங்காவியில் இறங்கியதும் எல்லாரும் முதலில் வாடகைக் காடிதான் எடுக்கிறார்கள். அப்புறம் கேபிள் கார், கழுகுச் சிலை, 1987-லிருந்து வரியில்லாத கடைகள் என்று ஒவ்வொன்றாகக் கூப்பிடும். போகாமல் இருந்தாலும் விட்டுவிட்டோமே என்று மனசு அரிக்கும். நீ கேட்டது அது இல்லையே. 'எங்கேயாவது போய் நாலைந்து நாள் சும்மா இருக்கணும் இந்திரா' என்றுதானே எழுதியிருந்தாய்? சும்மா இருக்க வேண்டுமென்றால் காடியே போக முடியாத இடமாகப் பார்க்கணும். அதனால் பெர்ஹெந்தியான் போவோம் என்கிறேன்.

திரங்கானு கரையிலிருந்து விரைவுப் படகில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். பெசார், கெச்சில் என்று இரண்டு தீவுகள் அருகருகே இருக்கின்றன. காடி ஓடும் சாலை இரண்டிலும் இல்லை. ஒரு கடற்கரையிலிருந்து அடுத்ததற்குக் காட்டுப் பாதையில் நடக்கலாம், இல்லையென்றால் சின்னப் படகைக் கூப்பிடலாம். அங்கே அதுதான் டாக்சி. எங்கே போக எவ்வளவு என்று கரையிலேயே பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். இருட்டிய பிறகு கட்டணம் கூடும். அதனால் இருட்டுவதற்குள் அவரவர் கடற்கரைக்குத் திரும்பிவிடுவார்கள். எட்டு மணிக்கு மேல் எங்கே போகலாம் என்ற கேள்வியே அங்கே எழாது. எனக்கு அந்த இடத்தில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

பெசாரில்தான் தங்க வேண்டும். கெச்சிலில் உள்ள லாங் பீச்சில் முதுகுப்பையோடு வரும் இளம்பிள்ளைகள் கூட்டம், இரவில் பாட்டு, தீ வைத்துச் சுழற்றும் விளையாட்டு. அவர்களுடைய வயதுக்கு அது சரிதான். பெசாரின் மேற்குக் கரை அமைதியானது, குடும்பங்கள் வந்து தங்கும் இடம். உன் முழங்காலையும் யோசித்துத்தான் சொல்கிறேன். சில விடுதிகளில் படகிலிருந்து முழங்கால் தண்ணீரில் இறங்கி, பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கரையேற வேண்டியிருக்கும். சில விடுதிகளின் அறைகள் மேட்டில், படிகளுக்கு மேலே. படகுத்துறையும் மணல்மட்டத்தில் அறையும் உள்ள இடமாக நானே பேசி எடுக்கிறேன். குளிர்சாதனம் முக்கியமா, வாசலிலிருந்து கடல் தெரிவது முக்கியமா என்று மட்டும் சொல். இரண்டும் சேர்ந்து கிடைத்தால் விலை ஏறும்.

எப்போது போவது? நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. கடல் பொங்கும், விடுதிகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருவார்கள். பள்ளி விடுமுறை வாரங்களில் கேட்கவே வேண்டாம். ஏப்ரல் கடைசியோ மே தொடக்கமோ நமக்குத் தோதாக இருக்கும். திரங்கானுவிலும் கிளந்தானிலும் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை என்பதை மறந்துவிடாதே. வியாழன் சாயங்காலம் முதல் சனி வரை படகுத்துறையில் நெரிசல். ஞாயிறு போய் வியாழன் காலை திரும்பினால் அந்தக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போய் வரலாம்.

வழியைப் பற்றி நான் ரொம்ப யோசித்துவிட்டேன். நீ விமானத்தில் வராதே. ஜொகூர் பாருவிலிருந்து தும்பாட் போகும் இரவு ரயிலில் சனிக்கிழமை ஏறு. கடைசி வரை போகாமல் தானா மேராவில் காலையில் இறங்கிவிடு, நான் வந்து ஏற்றிக்கொள்கிறேன். தானா மேரா வருவதற்கு முன்னால் கிளந்தான் ஆற்றின் மேல் கில்லெமார்ட் பாலத்தை ரயில் கடக்கும். அந்த நேரத்தில் தூங்கிவிடாதே. 1941-ல் ஜப்பான்காரன் கரையேறியபோது, அவனைத் தாமதப்படுத்த ஆங்கிலேயர்களே அந்தப் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அப்புறம் இந்தக் கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளங்களில் ஒரு பகுதியை ஜப்பானியர் பெயர்த்து, பர்மாவுக்குப் போக அவர்கள் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். நம் தோட்டத்து ஆட்களையும் அதற்குத்தானே பிடித்துக்கொண்டு போனார்கள்? உன் தாத்தா போய்த் திரும்பாத கதையைக் கல்லூரி விடுதி அறையில் ஒரு ராத்திரி நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அந்தப் பாதையில் நீ ஒரு முறையாவது போகணும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை.

நான் இங்கிருந்து சனிக்கிழமை பகலில் கிளம்பி, லெங்கோங் வழியாக கிரிக் போய், நாத்தனார் வீட்டில் தங்கிக்கொள்கிறேன். கிரிக்கிலிருந்து ஜெலி வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் காடுதான். யானைகள் சாலையைக் கடக்கும் இடம் என்பதால் இருட்டில் ஓட்ட மாட்டேன். அந்தச் சாலையை 1982-ல் திறந்த புதிதில், கம்யூனிஸ்டு பயத்தால் இரவில் யாரையும் விடமாட்டார்கள் என்று அப்பா சொல்வார். விடிந்து வெளிச்சம் வந்த பிறகு கிளம்பினாலும் உன் ரயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். கொஞ்சம் முன்பின்னானால் நிலையத்துக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இரு.

அங்கிருந்து மாச்சாங், பாசிர் பூத்தே, கோலா பெசுட். கடல் அமைதியாக இருந்தால் பிற்பகல் படகில் போய்விடுவோம். அலை அதிகமாக இருந்தால் கோலா பெசுட்டிலேயே இரவு தங்கி மறுநாள் காலையில் போவோம். இப்போதே அதற்கு மனசைத் தயார் செய்துகொள். அந்தப் பயணத்தில் கடல் சொல்வதுதான் நேரம். காடியைப் படகுத்துறைப் பக்கம் கட்டணம் கட்டி நிறுத்திவிடலாம். கடல் பூங்காவுக்கு ஒரு கட்டணம் உண்டு, அதையும் துறையிலேயே வாங்கிக்கொள்வார்கள். படகில் பின்பக்கம் உட்கார்ந்துகொள். முன்பக்கம் அலையில் எழும்பி எழும்பி விழும், இடுப்புக்கும் முழங்காலுக்கும் ஆகாது. தீவில் பணம் எடுக்கும் இயந்திரம் இல்லை, அதனால் ரொக்கம் கையில் வேண்டும். உன் மருந்துகளைப் போகிற நாளுக்கு மேல் இரண்டு நாளுக்குச் சேர்த்தே எடுத்து வா.

உனக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் ஒன்றும் குறையாது. மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, இடுப்பளவு தண்ணீரில் முகத்தை வைத்தாலே போதும். பச்சையும் நீலமுமாகக் கிளிமீன்கள் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் தண்ணீருக்குள் கேட்கும். நாம் மிதிக்கும் வெள்ளை மணலில் நிறைய அவை கடித்துத் தின்று கழித்த பவளத் தூள்தான். கரையோரத்தில் கறுப்புமுனைத் துடுப்புள்ள சுறாக்குட்டிகள் சுற்றிக்கொண்டிருக்கும், பயந்துவிடாதே, அவை நம்மைக் கண்டு ஓடுபவை. கவனமாக இருக்க வேண்டியது டைட்டன் டிரிகர் என்ற பெரிய மீனிடம்தான். முட்டையிட்டிருக்கும் காலத்தில் அது கடிக்க வரும். தன் குழிக்கு நேர் மேலே கடல்மட்டம் வரை எல்லாம் தன் இடம் என்று அது நினைப்பதால், மேலே எழும்பாமல் பக்கவாட்டில் விலகிப்போக வேண்டும். பவளத்தின் மேல் கால் வைக்காதே என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. 2010-ல் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தபோது, திரங்கானு, பகாங் தீவுகளில் சில முக்குளிக்கும் இடங்களைச் சில மாதங்கள் மூடியே வைத்தார்கள். நான் பிறகு போனபோது சில இடங்கள் சாம்பல் நிறமாகத்தான் கிடந்தன. அருகிலேயே புதுக் கிளைகளும் விட்டிருந்தன.

ஆமைகளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பயிற்சிக் கல்லூரியிலிருந்து ரந்தாவ் அபாங் போனோமே, நினைவிருக்கிறதா? ஆளுயரத்துக்கு அந்தத் தோல்முதுகு ஆமை மணலில் கிடக்க, சுற்றிலும் டார்ச் விளக்கும் கூச்சலும், சிலர் அதன் முதுகில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டதும்! 1950-களில் அந்தக் கரையில் ஓர் ஆண்டில் சுமார் 10,000 கூடுகள் இருந்தன. பிறகு விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்து, இப்போது அந்த இனம் அங்கே இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆண்டாண்டாக முட்டைகளைத் தோண்டி விற்றது, மீன் வலைகளில் சிக்கிச் செத்தது எல்லாம் சேர்ந்த விளைவு. இன்னொன்றும் நடந்திருக்கிறது. ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பது மணலின் சூட்டைப் பொறுத்தது. காப்பாற்றுவதற்காகக் கட்டிய பொரிப்பகத்தில் மணல் அதிகச் சூடாக இருந்ததால் குஞ்சுகள் பெண்ணாகவே பொரிந்தன. நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்கு இப்படி ஒரு முடிவு வந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கிறது.

பெர்ஹெந்தியானில் இருப்பவை பெரும்பாலும் பச்சை ஆமைகள். பெசாரின் தெலுக் பாவ் பக்கம் கடற்புல் மேய வருகின்றன. திரங்கானுவில் 2022 முதல் எல்லா வகை ஆமை முட்டை விற்பனைக்கும் தடை வந்துவிட்டது. நாம் சின்னப் பெண்களாக இருந்தபோது சந்தையில் குவித்து வைத்திருப்பார்களே, அது இனி இல்லை. இப்போது பெரிய ஆபத்து படகுகள்தான். ஒரே நாளில் ஆறு இடம் காட்டுகிறோம் என்று வேகமாக ஓட்டும்போது, மூச்சுவிட மேலே வரும் ஆமையின் ஓட்டில் சுழலி வெட்டிவிடுகிறது. ஆகவே ஆறு இடம் நமக்கு வேண்டாம். வயதான படகுக்காரர் ஒருவரை நிதானமாகப் போகச் சொல்லி, ஒரு காலைப்பொழுதில் ஓர் இடம் பார்த்தால் போதும். ஆமை கிடைத்தால் தூரத்தில் நின்று பார்ப்போம், துரத்த வேண்டாம். கிடைக்காவிட்டால் கிளிமீன்களைப் பார்த்துவிட்டு வருவோம்.

மற்ற நாட்களுக்குத் திட்டமே வேண்டாம். ஒரு பிற்பகல் மட்டும் கெச்சிலில் உள்ள மீனவர் கிராமத்துக்குப் போகணும். அங்கே ஒரு தொடக்கப்பள்ளி இருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காமல் நமக்குத் திரும்ப முடியாதே. சாயங்காலம் மரங்களில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள் கிளம்பிப் போவதைப் பார்க்கலாம். உடும்புகள் குப்பைத் தொட்டிப் பக்கம் உலாவும், ஒன்றும் செய்யாது. குரங்குகளிடம் மட்டும் பையைத் திறந்து காட்டாதே.

சாப்பாடு உனக்குக் கவலையாக இருக்கும். செவ்வாய்க்கிழமை நீ சைவம். சோறும் காங்கோங் கீரையும் எங்கேயும் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் பிளாச்சான் என்ற இறால் விழுதைப் போட்டுத்தான் வதக்குவார்கள். 'பூண்டு மட்டும், பிளாச்சான் வேண்டாம்' என்று முன்னாலேயே சொல்லிவிடுவோம். நான் ஊறுகாயும் பருப்புப் பொடியும் எடுத்து வருகிறேன். திரும்பும்போது பெசுட்டில் பசியாற நாசி டாகாங் வாங்கித் தருகிறேன். தேங்காய்ப் பாலில் வெந்தயம் போட்டு வேகவைத்த சோறு, கூடவே மீன் குழம்பு. வெந்தய வாசனை வந்ததும் உனக்கு உன் அம்மா சமையல் நினைவு வரும், பாரேன்.

மகளிடம் டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று பக்குவமாகச் சொல். தீவில் தொலைபேசி சமிக்ஞை ஓரளவு வரும், அவள் கவலைப்பட வேண்டியதில்லை. இரவு ரயிலுக்கு முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் இந்த மாதத்துக்குள் தேதியை முடிவு செய்து எழுது. உன் முழங்கால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுது. பேரனுக்கு என் முத்தம். இவர் உன்னையும் மாப்பிள்ளையையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

உன் அன்பு,
இந்திராணி