அடைத்துவைத்தால் திருந்திவிடுவார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறுவர்கள் திருட்டிலோ அடிதடியிலோ பிடிபட்ட செய்தி வரும்போதெல்லாம் "வயசைப் பார்க்காதீர்கள், உள்ளே தூக்கிப் போடுங்கள்" என்று உங்கள் வாசகர் பக்கத்தில் கடிதங்கள் வருகின்றன. பறிகொடுத்தவருக்கும் அடிபட்டவருக்கும் கோபம் வரத்தான் செய்யும், அதில் தப்பே இல்லை. ஆனால் உள்ளே போனவன் என்றைக்காவது வெளியே வருவான், அப்போது எப்படி வருவான் என்றும் யோசிக்க வேண்டாமா?

சிகாகோ சிறுவர் நீதிமன்ற வழக்குகளை வைத்து இரண்டு பொருளியலாளர்கள் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. அங்கே வழக்கு எந்த நீதிபதியிடம் போகும் என்பது கிட்டத்தட்டக் குலுக்கல் மாதிரி. ஒருவர் சட்டென்று காவலில் வைப்பார், இன்னொருவர் தயங்குவார். ஆக, பிள்ளைகள் ஏறத்தாழ ஒரே மாதிரி, நீதிபதிதான் வேறு. அடைக்கப்பட்டவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் குறைவாகவும், பெரியவர்களான பிறகு சிறைக்குப் போனவர்கள் அதிகமாகவும் இருந்தார்கள். ஓரிரு மாதம் உள்ளே இருந்தாலே படிப்பு அறுந்துபோகிறது, அப்புறம் அங்கே கிடைக்கும் சகவாசம் வேறு.

சரி, பயமுறுத்திப் பார்த்தால்? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 1970களில் நியூ ஜெர்சியில் ஆயுள் கைதிகளைக் கொண்டே சிறுவர்களை மிரட்டும் திட்டம் தொடங்கிப் பல இடங்களுக்குப் பரவியது. பின்னர் அப்படிப்பட்ட திட்டங்கள் மீதான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கலந்துகொண்ட பிள்ளைகள்தான் அதிகமாகக் குற்றத்தில் இறங்கியது தெரிந்தது.

மாற்று வழி என்றால் சும்மா விட்டுவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். நியூசிலாந்தில் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி, குற்றம் செய்த சிறுவன், அவன் குடும்பம், போலீஸ், பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அவரும், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள். பாதிக்கப்பட்டவர் வந்திருந்தால், தான் செய்ததால் அவர் வீட்டில் என்ன நடந்தது என்பதை அவன் அவர் வாயாலேயே கேட்க வேண்டும். மன்னிப்பு, இழப்பீடு, சமூகத்துக்கு உழைப்பு, படிப்பு என்று ஒரு திட்டம் போடுகிறார்கள், அவன் அதை முடித்தாக வேண்டும். அறைக்குள் படுத்துக் காலம் கழிப்பதைவிட இது கடினம் என்றே நான் சொல்வேன். பாதிக்கப்பட்டவருக்கும் இதில் ஓர் இடம் இருக்கிறது. வழக்கமான விசாரணையில் அவர் வெறும் சாட்சி.

கொடுங்குற்றம் செய்த சிலரை வெளியே விட முடியாதுதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கும் வழி இருக்கிறது. அமெரிக்காவின் மிசூரி மாநிலம் 1983இல் பூன்வில்லில் இருந்த தன் பெரிய சீர்திருத்தப் பள்ளியை மூடிவிட்டு, வீட்டுக்குப் பக்கத்திலேயே சிறிய இல்லங்களில், சிறு குழுக்களாக வைத்துப் படிப்பும் ஆலோசனையும் கொடுக்கும் முறைக்கு மாறியது. ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 37ஆவது பிரிவும் காவல் என்பது கடைசி வழியாக, இயன்றவரை குறுகிய காலத்துக்கு மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுவன் பிடிபட்ட அன்று பெரிய எழுத்தில் செய்தி போடுகிறீர்கள், அதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. பெயர், அடையாளம் எதுவும் வெளியிடாமல், இரண்டு வருடம் கழித்து அவன் படிக்கிறானா, வேலைக்குப் போகிறானா, மறுபடி பிடிபட்டானா, அவனுக்கு யார் என்ன உதவி செய்தார்கள் என்று ஒரு நிருபரை அனுப்பி விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்