நீங்கள் துளைத்த இடத்தில்தான் தண்ணீர் வருகிறது

நோர்வூட்
2025 ஏப்ரல் 22

முகாமையாளர் அவர்கட்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

பொருள்: 2024 நவம்பரில் வாங்கிய இயந்திரப் படகில் நீர்க்கசிவு – எனது ஐந்தாவது கடிதம்

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

வணக்கம். இதற்கு முன் நான்கு கடிதங்கள் அனுப்பினேன். இரண்டுக்குப் பதிலே இல்லை. மற்ற இரண்டுக்கும் "உங்கள் முறைப்பாடு கிடைத்தது" என்ற ஒரே வரிதான் வந்தது. இந்தக் கடிதத்தையாவது கடைசிவரை வாசிக்கும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

எந்தப் படகு என்று நான் விளக்க வேண்டியதில்லை. வெள்ளையும் நீலமுமான உங்களுடைய அந்தப் பதினாறு அடிப் படகுதான். அதன் பின்பலகைக்குள் என்ன மரம் வைத்திருக்கிறீர்கள், தளத்துக்குக் கீழே எங்கெல்லாம் நுரை நிரப்பியிருக்கிறீர்கள் என்பதெல்லாம் அதைச் செய்து விற்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. 40 குதிரை வலு இயந்திரத்தைப் பூட்டியவர்களும் உங்கள் ஆட்களே. காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில், எங்கள் விடுதிக்குக் கீழே, என் கண் முன்னால்தான் பின்பலகையில் நான்கு துளைகள் போட்டார்கள். மாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அன்று அவர்கள் அவசரப்பட்டது இன்னும் என் நினைவில் இருக்கிறது.

டிசம்பர் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் தொடங்கியது. மலையேறிவிட்டு வருகிறவர்கள் கால்வலி தீர ஒரு நாள் தங்குவார்கள், நீர்த்தேக்கத்தில் ஒரு சுற்றுப் போய்வர விரும்புவார்கள் என்று நம்பித்தான் இந்தப் படகை வாங்கினேன். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் விடியற்காலை, படகுக்குள் இருக்கும் பம்பு தானாக ஓடும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். மறுநாள் அந்தச் சத்தமும் இல்லை. இரவு முழுவதும் ஓடி ஓடி பெட்டரி இறங்கிவிட்டிருந்தது. கணுக்கால் அளவு தண்ணீர். நானும் மகனும் வாளியால் இறைத்து எண்ணினோம். பத்து லீற்றர் வாளியால் 14 வாளி. 140 லீற்றர் என்றால் 140 கிலோ, இரண்டு பெரிய ஆட்கள் இரவெல்லாம் படகில் உட்கார்ந்திருந்த பாரம். இது ஒரே இரவில் வந்த தண்ணீர்.

ஜனவரியில் உங்கள் தொழில்நுட்பவியலாளர் வந்தார். இருபது நிமிடம் நின்றார். படகைக் கரையேற்றச் சொல்லவில்லை, தளத்தின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "மலைநாட்டில் மழை அதிகம், இது மழைத்தண்ணீர்" என்று சொல்லிவிட்டு, பயணச் செலவு என்று 9,500 ரூபாவுக்குப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த எனக்கு மழையைப் பற்றி அவர் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துப் பெருமழை மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்றோடு வருவது. அந்த வாரம் ஒரு துளிகூட விழவில்லை. இருந்தும் அவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து, படகைத் தறப்பாளால் இறுக மூடி மூன்று இரவு தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், தண்ணீர் ஏறியது. பிறகு இழுவை வண்டியில் ஏற்றிக் கொட்டகைக்குள் மூன்று இரவு வைத்தேன், உள்ளே காய்ந்து கிடந்தது. மழைத்தண்ணீர் அல்ல என்பதற்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? இதையும் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை.

தொலைபேசியில் ஒருவர், "எல்லாப் படகிலும் கொஞ்சம் தண்ணீர் வருவது சாதாரணம்" என்றார். இயந்திரம் உள்ளே இருந்து, அதன் தண்டு அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும் படகுகளில், தண்டைச் சுற்றிய அடைப்பில் சில சொட்டு விழுவது வழக்கம்தான். என் படகின் இயந்திரம் வெளியே, பின்பலகையில் தொங்குகிறது. அடிப்பாகத்தின் ஊடாகப் போகும் தண்டே அதில் இல்லை. உங்கள் பொருளைப் பற்றி உங்கள் ஆளுக்கு நானா பாடம் சொல்ல வேண்டும்?

மார்ச் 13ஆம் திகதி நடந்ததை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. அன்று வியாழக்கிழமை, மெதின் பௌர்ணமி, அதாவது விடுமுறையான போயா நாள். "அன்று போயா அல்லவா, உங்கள் சேவை நிலையம் திறந்திருக்குமா?" என்று நான் இரண்டு முறை கேட்டேன். "வேலைத்தளம் நடக்கும், கொண்டு வாருங்கள்" என்று இரண்டு முறையும் பதில் வந்தது. 46,000 ரூபாவுக்கு லொறி பிடித்தோம். போயா நாளில் ஹட்டன் வீதி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? யாத்திரிகர்களின் பஸ்களும் வேன்களும் அடுக்கடுக்காக மேலே ஏறி வர, நாங்கள் படகோடு கீழே இறங்கினோம். கினிகத்தேனை வளைவுகளில் பஸ்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு, கித்துல்கல தாண்டி, அவிசாவளைக்கு வரும்போதே நண்பகல். உங்கள் வாசலுக்கு வந்தபோது பெரிய இரும்புக் கதவு பூட்டியிருந்தது. காவலாளி மட்டும் இருந்தார். பாவம், அந்த மனிதர் தன் சாப்பாட்டுப் பொதியை எங்கள் சாரதியோடு பகிர்ந்துகொண்டார். உங்கள் நிறுவனத்தில் எனக்கு மனிதத்தன்மை காட்டியவர் அவர் ஒருவர்தான், இதை எழுதியே ஆக வேண்டும். படகை உள்ளே வைக்கத் தனக்கு அனுமதி இல்லை என்று அவர் சொன்னதும், அதே லொறியில் அதே படகோடு திரும்பினோம். வீடு சேர இரவு பதினொன்றரை.

மறுபடி 18ஆம் திகதி இன்னொரு 46,000. பதினெட்டு நாள் உங்களிடம் படகு கிடந்தது. அந்த நாட்களில்தான், 24ஆம் திகதி மாலை 3.40க்கு, உங்கள் சேவைப் பிரிவில் ஒரு பெண்ணோடு பேசினேன். தமிழுக்கான இலக்கத்தை அழுத்தித்தான் அவரிடம் போனேன், நன்றாகவே தமிழ் பேசினார். வேலை எந்த அளவில் இருக்கிறது என்றுதான் கேட்டேன். "கொஞ்சம் இருங்கள்" என்றவர், தொலைபேசியை மூடாமலே பக்கத்தில் இருந்த யாரிடமோ சொன்னார்: "தோட்டத்துப் பக்கம் படகு விற்றால் இப்படித்தான்." யாரோ சிரித்தார்கள். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

ஐயா, என் தாயார் தேயிலைத் தோட்டத்தில் 34 வருடம் கொழுந்து பறித்தவர். அட்டைக் கடியிலும் பனியிலும் கூடை சுமந்து அவர் சேர்த்த சேமலாப நிதிப் பணமும் இந்தப் படகுக்கு நான் கொடுத்த 31 இலட்சம் ரூபாவில் இருக்கிறது. உங்கள் நிறுவனம் அந்தக் காசை வாங்கும்போது அது தோட்டத்துக் காசு என்று யாரும் சிரிக்கவில்லை. அழைப்புகள் பதிவுசெய்யப்படுகின்றன என்று ஒவ்வொரு முறையும் உங்கள் இயந்திரக் குரல் சொல்கிறது. எனவே அந்தப் பதிவை எடுத்து நீங்களே கேளுங்கள்.

ஏப்ரல் 5ஆம் திகதி படகு திரும்பி வந்தது. கொண்டு வரும் லொறிச் செலவும் என் தலையில். கூடவே ஒரு தாள்: "மேலிருந்து நீர் பாய்ச்சிச் சோதிக்கப்பட்டது. குறைபாடு எதுவும் காணப்படவில்லை. பாவனைக்கு உகந்தது." கீழிருந்து வரும் தண்ணீரை மேலிருந்து பாய்ச்சி எப்படிக் கண்டுபிடிப்பது? ஆனால் அந்தத் தாளை நான் நம்பினேன். அதுதான் நான் செய்த பிழை.

புத்தாண்டுக்கு முதல் நாள், ஏப்ரல் 13, கண்டியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் ஆறு பேர், அவர்களில் இருவர் சிறுபிள்ளைகள், படகில் ஏறினார்கள். நீர்த்தேக்கத்தின் நடுவில் தளத்துக்கு மேலே தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளைகள் அலறினார்கள். எல்லோரும் மிதவை அங்கி அணிந்திருந்தார்கள், என் மகன் பதறாமல் கரை சேர்த்தான். அல்லாவிட்டால் அன்று அத்தனை உயிரும் போயிருக்கும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தத் தாயின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

என் தங்கையின் கணவர் மன்னாரில் மீன்பிடிப் படகுகளுக்குப் பைபர் வேலை செய்கிறவர். புத்தாண்டுக்கு வந்திருந்தார். "அக்கா, ஓட்டையைக் காணாமல் இனி ஒருவரையும் ஏற்றாதீர்கள்" என்று சொல்லிவிட்டு அவர் செய்ததைக் கேளுங்கள். படகை இழுவை வண்டியில் ஏற்றினார். தண்ணீர் நிரப்பினால் பாரம் தாங்காது என்று அடியில் மரக்கட்டைகள் முட்டுக் கொடுத்தார். முன்பக்கத்தை உயர்த்தி, உள்ளே பின்பக்கமாகத் தண்ணீர் ஊற்றி, அதில் மஞ்சள் தூளைக் கரைத்தார். வெளியே பின்பலகையை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, இயந்திரத்தின் போல்டுகளைச் சுற்றியும் வடிகால் அடைப்பானைச் சுற்றியும் சுண்ணாம்பு பூசினார். கால் மணி நேரம் ஆகவில்லை. கீழ்ப்பக்கத்து வலது போல்டைச் சுற்றி ஆரத்தித் தண்ணீர்போல் சிவந்தது. அடுத்து இடது போல்டு. மேலே உள்ள இரண்டும் வடிகாலும் வெள்ளையாகவே இருந்தன. காணொளி எடுத்து வைத்திருக்கிறேன்.

போல்டைக் கழற்றிப் பார்த்தோம். துளைக்குள் அடைப்புப் பசை என்று எதுவுமே இல்லை. வெளியே மட்டும், தலையைச் சுற்றிப் புத்தம் புதிய சிலிக்கன், அதுவும் பாதி உரிந்து தொங்கியது. குறைபாடு இல்லை என்று தாளில் எழுதியவர்கள் அந்த இடத்தில் சிலிக்கனை ஏன் பூசினார்கள்? ஓட்டை எங்கே என்று உங்கள் வேலைத்தளத்துக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கம்பியை விட்டுப் பார்த்தால் உள்ளே பலகை ஊறி, ஈரத் தூளாக வருகிறது. தட்டினால் அந்தப் பக்கம் மட்டும் மந்தமான ஓசை. ஊறிய பலகையில் 40 குதிரை வலு இயந்திரம் எத்தனை நாள் நிற்கும்? படகு ஓடுகிறபோது இயந்திரத்தின் முழுத் தள்ளுவிசையையும் தாங்குவது அந்தப் பலகைதான். தளத்துக்குக் கீழே உள்ள நுரையும் தண்ணீர் குடித்திருக்கும், அது லேசில் காயாது. ஆகவே இன்னொரு சிலிக்கன் குழாயோடு யாரையும் அனுப்பாதீர்கள். நீர்மட்டத்துக்குக் கீழே அது நிற்காது, அது பூசிய இடத்தில் பிறகு பைபர் வேலைக்கான ரெசின் பிசினும் ஒட்டாது. இயந்திரத்தை இறக்கி, பலகையை முழுதாகக் காயவைத்து, உக்கிய பகுதியை வெட்டி எடுத்துப் புதிது வைத்து, துளைகளைப் பெரிதாக்கி எப்பொக்சியால் நிரப்பி, அதன் நடுவில் மறுபடி துளையிட்டு, படகுகளுக்கென்றே உள்ள பொலியூரித்தேன் பசை வைத்துப் பூட்ட வேண்டும். முதல் நாளே ஒரு பசைக் குழாயும் அரை மணி நேரமும் செலவழித்திருந்தால் முடிந்திருக்க வேண்டிய வேலை இது.

நான் சண்டைக்கு நிற்கிறவள் அல்ல. உங்கள் இயந்திரம் நன்றாக ஓடுகிறது, அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன திருத்த வேலையை உங்கள் செலவில், இங்கே வந்து, எழுத்துமூல உத்தரவாதத்தோடு செய்து தாருங்கள். முடியாதென்றால் வேறு படகு தாருங்கள். மூன்று லொறிப் பயணங்களுக்கு 138,000 ரூபாவும் அந்த 9,500 ரூபாவும் திருப்பித் தர வேண்டும். தொலைபேசியில் பேசிய அந்தப் பெண் என் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டும். இந்தப் பருவம் முழுவதும் எனக்கு நாசமாகிவிட்டது. இருபது இலட்சத்துக்குக் குறையாத நட்டம், எங்கள் விடுதியின் பெயரே கெட்டுவிட்டது. அதைக்கூட இப்போது கேட்கவில்லை.

மே 5ஆம் திகதி வரை பார்ப்பேன். அதற்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு செய்வேன். அவர்களுடைய 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்டுவிட்டேன். காணொளி, உங்கள் தாள், லொறிப் பற்றுச்சீட்டுகள் எல்லாம் ஒரே கோவையில் தயாராக இருக்கின்றன. அங்கும் முடியாவிட்டால் நீதிமன்றம். வெளியாள் கை வைத்ததால் உத்தரவாதம் செல்லாது என்று சொல்ல நினைத்தால், பசையில்லாமல் பூட்டிய கை யாருடையது என்று அங்கே கேட்பேன்.

அப்படிப் போக நேராது என்றே இன்னும் நம்புகிறேன். கழற்றிய இரண்டு போல்டுகளையும் அப்படியே பையில் போட்டு வைத்திருக்கிறேன். படகு கொட்டகைக்குள், துளைகள் திறந்தபடி காய்கிறது. உங்கள் ஆட்கள் வருவதென்றால் முதல் நாள் அறிவியுங்கள், நோர்வூட் சந்தியில் மகன் வந்து நிற்பான். போயா நாளில் மட்டும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(விற்பனைப் பற்றுச்சீட்டின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது)