தைப்பூசத்துக்கு வரும் மகளுக்கு

அன்புப் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை. போனில் நீளமாகத் தட்டினால் எனக்குக் கண் எரிகிறது, அதனால் தாளில் எழுதித் தம்பியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவசரமாகப் படிக்காதே. ராத்திரி வேலையெல்லாம் முடிந்து உட்கார்ந்து படி.

தைப்பூசத்துக்கு வருவதாக நீ அனுப்பிய செய்தி வந்தது. வியாழக்கிழமை தாய்லாந்து ஹட்யாயிலிருந்து வேன், இரண்டு சீட் எடுத்தாகிவிட்டது, பட்டர்வொர்த் பினாங்கு சென்ட்ரல் பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தாய். தீபாவளிக்கும் வரவில்லை, டிசம்பர் லீவுக்கும் வரவில்லை. இத்தனை மாதம் கழித்து வருகிற செய்தியை இரண்டு வரியில் முடித்துவிட்டாய். அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே இன்னும் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சரி, அது போகட்டும். வருகிறாய், அதுவே போதும். நான் பயணத்தைப் பற்றி மட்டும்தான் எழுதப் போகிறேன். அந்த ரோட்டில் வருஷக்கணக்கில் வண்டி ஓட்டியவன், அதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

முதலில் உன் தாய்லாந்து விசா. மாணவர் விசாவை நீட்டித்து வைத்திருப்பவள், ரீ-என்ட்ரி பெர்மிட் எடுக்காமல் எல்லையைத் தாண்டினால் அந்த விசா அன்றைக்கே செத்துவிடும். திரும்பிப் போகும்போது புதிதாக எல்லாவற்றையும் ஆரம்பிக்க வேண்டிவரும். கிளம்புவதற்கு முன்பே குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் எடுத்துவிடு. ஒரு தடவைக்கு 1,000 பாட், பல தடவைக்கு 3,800 பாட். பல தடவைக்கானதையே எடு. காசு பற்றாவிட்டால் சொல், தம்பி மூலம் போட்டுவிடுகிறேன். அடிக்கடி வந்து போக அதுதான் வசதி.

அப்புறம் வேன். காலை ஒன்பது மணி வேன் என்றால் ஒன்பதுக்குக் கிளம்பாது. ஒவ்வொரு ஹோட்டல் வாசலிலும் நின்று ஆள் ஏற்றுவார்கள். ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் முந்திரிப் பருப்பு வாங்கக் கிம் யோங் மார்க்கெட்டுக்குப் போயிருப்பார். ஊரைத் தாண்டிவிட்டால் சாடாவ் வழியாக எல்லை வரைக்கும் 60 கிலோமீட்டர்தான். ஆனால் நம் மணி அவர்கள் மணியைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நீ அங்கே பத்துதானே ஆகிறது என்று இருப்பாய், இங்கே அம்மா பதினொன்றாகிவிட்டது என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பாள். அதனால் எல்லையை நெருங்கும்போது ஒரு செய்தி போடு. ஒரு வரி போதும். உனக்கு அதுதானே பழக்கம்.

வெறும் வயிற்றில் ஏறாதே. பசியாறிவிட்டு ஏறு. முன் சீட் கிடைத்தால் முன் சீட்டிலேயே உட்கார், உனக்குச் சின்ன வயதிலிருந்தே பின் சீட்டில் தலை சுற்றும். வேன் ஏறியதும் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பு. உனக்கு இப்போது தாய்லாந்து எழுத்து படிக்கத் தெரியும் என்றாலும் படம் பிடி. நம் பக்கத்து எல்லைச் சாவடி புக்கிட் காயு ஹீத்தாமில் ஒரே மாதிரி வெள்ளை டொயோட்டா வேன்கள் வரிசையாக நிற்கும், இறங்கிப் போய்த் திரும்பி வந்தால் எது நம் வண்டி என்று தெரியாது. ஏஜென்ட் சட்டையில் ஒட்டுகிற ஸ்டிக்கரைப் பிய்த்துப் போடாதே. அசிங்கமாக இருக்கிறது என்று நீ பிய்த்துவிடுவாய், எனக்குத் தெரியும். டிரைவர் முகத்தைப் பார்ப்பதில்லை, ஸ்டிக்கரின் நிறத்தைத்தான் பார்ப்பான்.

வியாழக்கிழமை வருவது நல்ல யோசனை. சனிக்கிழமை என்றால் நானே வேண்டாம் என்றிருப்பேன். வார இறுதியில் எல்லையில் வண்டிகள் ஊர்ந்துதான் நகரும். பூசத்துக்கு முந்தின நாள் ரதம் புறப்பட்டுவிட்டால் ஜார்ஜ்டவுன் பக்கம் தலைகாட்ட முடியாது. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ தோளில் உட்கார்ந்து வெள்ளிரதம் பார்த்த பிள்ளை. ஆனால் பார்க்காதவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ரோட்டில் மலை மலையாகத் தேங்காய் உடைப்பதையும், காவடிக்காரர்களின் அலகையும் முதல்முதலாகப் பார்க்கிறவர்கள் மிரண்டுவிடுவார்கள். தண்ணீர்மலைக் கோயிலுக்கு 500க்கு மேல் படி இருக்கிறது, செருப்பில்லாமல் ஏற வேண்டும், விடியற்காலையில் ஏறிவிட்டால் கால் சுடாது. இதையெல்லாம் வேனிலேயே சொல்லிக்கொண்டு வா.

நவம்பரை நான் மறக்கவில்லை, பாப்பா. 2010-லும் ஹட்யாய் மூழ்கியது, அப்போது நான் ஓட்டிக்கொண்டிருந்தேன், அந்தத் தண்ணீரைக் கண்ணால் பார்த்தவன். 2025 நவம்பரில் வந்தது அதைவிட மோசம் என்று டிவியில் காட்டினார்கள். நம் ஊர் ஆட்கள் ஹோட்டல் மாடியில் மாட்டிக்கொண்டு கை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். உன் போன் அடித்து அடித்து நின்றது, பிறகு அடிக்கவே இல்லை. அம்மா சாமி விளக்கை அணையவிடாமல் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன் வந்தது. வாலிபக் குரல். பாதி மலாய், பாதி ஆங்கிலம். "அங்கிள், ஜாங்ஙான் ரிசாவ்", கவலைப்படாதீர்கள் என்று ஆரம்பித்தார். நீ நல்லபடியாக இருக்கிறாய், மூன்றாவது மாடியில் இருக்கிறாய், சாப்பிட்டுவிட்டாய், போன் நனைந்துவிட்டது, நாளைக்குப் பேசுவாய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வார்த்தை கிடைக்காத இடத்தில் நிறுத்தி, யோசித்து, மறுபடியும் சொன்னார். நான் அழுதுவிடுவேனோ என்று பயந்து "தெரிமா காசே, தெரிமா காசே" என்று நன்றி மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். யார் என்று கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. அந்த நம்பரைத் தம்பி என் போனில் பதிந்து வைத்திருக்கிறான்.

உன்னை நினைத்தால் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியுமா தெரியவில்லை. உன் பாட்டி கெடா தோட்டத்தில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே பால்மரம் சீவப் போனவர். அதே மரத்தைப் பேத்தி சொங்க்லா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அவர்கள் உடனே, எப்போது கல்யாணம் என்று கேட்கிறார்கள். படிப்பு முடியட்டும் என்று சொல்லி வருகிறேன். போன வாரம் ஈப்போ மாமா ஒரு வரன் இருக்கிறது என்று போன் பண்ணினார். பெண் வந்ததும் அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மறுபடியும் எல்லைக்கு வருகிறேன், இதைக் கவனமாகப் படி. உன்னோடு வருகிறவரிடம் மலேசியக் கடப்பிதழ் இல்லையென்றால், அவர் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையைப் பூர்த்தி செய்ய வேண்டும். எம்டிஏசி என்பார்கள். 2024 ஜனவரி 1 முதல் இருக்கிறது. வருவதற்கு மூன்று நாளுக்குள் போனிலேயே செய்துவிடலாம், இலவசம்தான். குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் செய்யுங்கள், காசு கேட்கிற தளமெல்லாம் ஏமாற்று. தங்கும் இடம் என்று கேட்கும் கட்டத்தில் நம் வீட்டு விலாசத்தைப் போடச் சொல். ஹோட்டல் பெயர் போட வேண்டாம். அவருடைய கடப்பிதழில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்க்கச் சொல். எல்லைப் பாஸை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடப் போகிறார், அது எல்லையோர ஊர்களுக்குத்தான் செல்லும், பினாங்கு வரைக்கும் வராது. திரும்பிப் போகும்போது உனக்குத் தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டை, 2025 மே 1 முதல் வந்தது, அதையும் மறக்காதே. அதுவும் இலவசம். அது அவருக்குத் தேவையில்லை. உள்ளே வர அவருக்கு ஒரு படிவம், திரும்பிப் போக உனக்கு ஒரு படிவம், இரண்டு பேரும் உட்கார்ந்து சேர்ந்தே செய்துவிடுங்கள்.

தாய்லாந்துப் பக்கம் இறங்கி முத்திரை குத்திக்கொண்டு, மறுபடியும் ஏறி, நம் பக்கம் வந்து மூட்டை முடிச்சோடு இறங்க வேண்டும். இங்கேதான் வரிசை பிரியும். நீ ஆட்டோகேட்டில் கடப்பிதழை வைத்துவிட்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவாய். வெளிநாட்டார் வரிசை மெதுவாகத்தான் போகும். எங்கே போகிறாய், யார் வீட்டுக்கு, எத்தனை நாள் என்று கேட்பார்கள். டிரைவர் வெளியே நின்று ஹார்ன் அடிப்பான். வேனில் இருக்கிற மற்றவர்கள் உன் முகத்தைப் பார்ப்பார்கள், அவர்களில் யாருக்கோ பினாங்கில் விமானம் இருக்கும். பலரோடு சேர்ந்து வருகிற வண்டி அப்படித்தான், ஒருவர் தாமதம் எல்லாருக்கும் தாமதம்.

ஒரு தடவை என் வண்டியில் நம் பையன் ஒருவன் புது மனைவியோடு வந்தான். தாய்லாந்துப் பெண். அவன் சட்டென்று வெளியே வந்து வண்டிக்குள் ஏறி, ஏர்கோனை முகத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அந்தப் பெண்ணை உள்ளே நிறுத்தி வைத்திருந்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அதிகாரி கேட்பது புரியாமல், வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவனைக் கீழே இறங்கச் சொன்னேன். இறங்கிப் போய் அவள் கண்ணில் படுகிற இடத்தில் நில் என்றேன். பின்னால் இருந்தவர்கள் முனகினார்கள். முனகட்டும். நான் எப்போதும் தலையை எண்ணித்தான் வண்டியை எடுப்பேன், ஒரு தலை குறைந்தாலும் எடுக்க மாட்டேன்.

நீ அப்படி வண்டிக்குள் போய் உட்காராதே. வெளியே வந்ததும், உள்ளே இருப்பவருக்கு உன் முகம் தெரிகிற இடத்தில் நில். எவ்வளவு நேரமானாலும் நில். டிரைவர் கத்தினால், இன்னும் ஓர் ஆள் வர வேண்டும் என்று சொல். அவன் கிளம்பிவிடுவேன் என்று மிரட்டினால் மூட்டையை இறக்கிவிட்டுக் கிளம்பச் சொல். போன் பண்ணு, நான் தம்பியின் காரை எடுத்துக்கொண்டு புக்கிட் காயு ஹீத்தாமுக்கே வந்துவிடுகிறேன். நெடுஞ்சாலையில் எனக்கு அது ஒரு தூரமே இல்லை. யாரையும் அங்கே தனியாக விட்டுவிட்டு வராதே.

இன்னொன்று. வேனில் யாராவது இந்தப் பையைக் கொஞ்சம் பிடி என்றால் பிடிக்காதே. வயதானவராக இருந்தாலும் சரி, கைக்குழந்தைக்காரியாக இருந்தாலும் சரி. 2022 ஜூனில் அங்கே கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தபிறகு மிட்டாயிலும் பிஸ்கட்டிலும் கலந்து விற்றார்கள். அங்கே கடையில் கிடைத்ததுதானே என்று இங்கே கொண்டுவந்தால் வாழ்க்கையே போய்விடும். உன்னோடு வருகிறவருக்கு நம் சட்டம் தெரியாமல் இருக்கலாம், அவர் பையிலும் யாரோ கொடுத்த பொட்டலம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள். சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. என் பிள்ளைக்குச் சொல்வதைத்தான் அவருக்கும் சொல்கிறேன்.

சின்ன அத்தைக்கு நடந்தது இந்த வீட்டில் இன்னொரு தரம் நடக்காது. அம்மாவிடம் நேற்று பேசிவிட்டேன். அவள் முதலில் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். பிறகு வந்து, மேல் ரூமுக்கு மெத்தை உறை மாற்ற வேண்டும் என்றாள். இன்றைக்குக் காலையில் திரைச்சீலையைக் கழற்றித் துவைத்துவிட்டாள். நீ அவளுக்குத் தனியாக ஒரு போன் பண்ணு. என்னிடம் பேசுவது போலப் பேசாதே, அவளிடம் எல்லாவற்றையும் சொல்.

மேல் ரூமில் விருந்தாளி படுத்துக்கொள்ளட்டும், தம்பி ஹாலில் படுத்துக்கொள்வான், நீ உன் ரூமில். பூசம் முடியும்வரை வீட்டில் சைவம்தான், அதை அவரிடம் முன்பே சொல்லிவிடு. திங்கட்கிழமை நண்டுக்கு ஏற்பாடு செய்கிறேன். நண்டு சாப்பிடுவாரா, காரம் எவ்வளவு தாங்குவார் என்று அம்மா கேட்கச் சொன்னாள். அங்கே சாப்பிடுகிற காரத்துக்கு நம் வீட்டுக் குழம்பு எம்மாத்திரம் என்றேன், இருந்தாலும் கேட்டு எழுது. பெயரையும் எழுது, பெயர் தெரியாமல் அம்மாவுக்குக் கூப்பிட வராது.

எல்லை கடந்து நம் பக்கம் வரும் சங்லூன் ஊரைத் தாண்டியதும் கூப்பிடு. அங்கிருந்து எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும், அதற்கு முன்பே பினாங்கு சென்ட்ரலில் வந்து நிற்பேன். ரீ-என்ட்ரி பெர்மிட்டை மறக்காதே. பல தடவைக்கானது.

அன்புடன்
அப்பா