அடுத்த ஆயிரம் கார்டு அடிப்பதற்கு முன்: அச்சக உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அச்சக உரிமையாளர்களுக்கு,

வணக்கம். சிவகாசியில் பெரிய ஆஃப்செட் ஓட்டுபவர், திருவல்லிக்கேணி சந்தில் ஒரு கம்ப்யூட்டரும் கட்டிங் மெஷினுமாக உட்கார்ந்திருப்பவர், பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடையோடு சேர்த்துக் கார்டு ஆர்டர் பிடிப்பவர் என எல்லோருக்கும்தான் இந்த மடல். நான் உங்களுக்கு ஃபைல் அனுப்பும் ஆள். டிசைனர்.

"இப்ப யார் சார் விசிட்டிங் கார்டு வாங்குறா, எல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பிக்கிறாங்க" என்ற பேச்சை உங்கள் கடைகளில் அடிக்கடி கேட்கிறேன். பாதி உண்மை. ஐடி கம்பெனிக்காரர்களும் பெரிய நிறுவன மேனேஜர்களும் லிங்க்டுஇன்னுக்குப் போய்விட்டார்கள். அந்த ஆர்டர் பழைய அளவுக்குத் திரும்ப வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதை நினைத்துக் கவலைப்படுவதும் வீண்.

ஆனால் கார்டு உண்மையாகவே தேவைப்படுகிற கூட்டம் வேறு. எலெக்ட்ரீஷியன், போர்வெல்காரர், சமையல் மாஸ்டர், நாதஸ்வரக் குழு, சாமியானா பந்தல்காரர், செப்டிக் டேங்க் லாரி வைத்திருப்பவர். இவர்களுடைய நம்பர் போனில் இருந்தால் போதாதா? போதாது. போனில் இருக்கும் நம்பர் ஒரே ஆளுக்குச் சொந்தம். ராத்திரி மோட்டார் நின்றுபோனால், மெக்கானிக் நம்பர் சென்னையில் வேலை பார்க்கும் மகன் போனில் இருந்து என்ன பயன்? ஸ்டார்ட்டர் பெட்டிக்கு உள்ளே செருகி வைத்த கார்டு பாட்டிக்கும் உதவும், வாடகைக்குக் குடிவந்தவருக்கும் உதவும். போன் தனி ஆளுடையது, கார்டு வீட்டுக்குப் பொது. இதைப் புரிந்துகொண்டால் கார்டில் என்ன அச்சிட வேண்டும் என்பதே மாறிவிடும்.

ஒரு காலத்தில் கார்டில் எஸ்டிடி கோடு, கடை போன், வீட்டு போன், ஃபேக்ஸ் என்று எல்லாவற்றையும் திணிக்க வேண்டியிருந்தது. இப்போது கடை எங்கே என்பதை மேப் சொல்லும். 2011-ல் நம்பர் மாறாமல் கம்பெனி மாறும் வசதி நாடு முழுக்க வந்ததிலிருந்து, பலருக்கு ஒரே மொபைல் நம்பர்தான் வருடக்கணக்கில் நிலைக்கிறது. அப்படியிருக்க, "அனைத்து விதமான வேலைகளும் சிறந்த முறையில் செய்து தரப்படும்" என்று ஆறு வரியைப் பொடி எழுத்தில் இன்னும் ஏன் போடுகிறோம்? பெயர், தொழில், நம்பர் மூன்றும் கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்கு இருக்கட்டும். கறுப்புப் பின்னணியில் சாம்பல் எழுத்து கேட்கும் வாடிக்கையாளரிடம் கொஞ்சம் வாதாடுங்கள். பெரியவர்களாலும் படிக்க முடியாது, போன் கேமராவாலும் எடுக்க முடியாது.

சரி, இந்த மடலை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். க்யூஆர் கோடு.

2016-ல் யுபிஐ வந்த பிறகு, பூக்காரம்மா முதல் நகைக்கடை வரை எல்லோருக்கும் கட்டம் போட்ட அந்தச் சதுரம் பழகிவிட்டது. "பழைய கார்டே போதும், பின்னால ஒரு க்யூஆர் மட்டும் போட்டுக் குடுங்க" என்று வருகிறார்கள். நீங்களும் இணையத்தில் முதலில் கிடைக்கும் ஏதோ ஒரு தளத்தில் இலவசமாக ஒன்றைச் செய்து ஒட்டிவிடுகிறீர்கள். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அப்படிப்பட்ட பல தளங்கள் தருவது 'டைனமிக்' கோடு. அதற்குள் உங்கள் வாடிக்கையாளரின் நம்பர் இருக்காது, அந்தத் தளத்தின் ஒரு குட்டி முகவரிதான் இருக்கும். ஸ்கேன் செய்பவர் முதலில் அந்தக் கம்பெனி வாசலுக்குப் போய்விட்டுத்தான் உங்கள் ஆளிடம் வந்து சேர்வார். இலவசக் காலம் முடிந்து சந்தா கட்டாமல் விட்டாலோ, அந்தக் கம்பெனியே மூடிக்கொண்டாலோ, அச்சடித்த ஆயிரம் கார்டிலும் கோடு செத்துப்போகும். கார்டு கொடுத்தவருக்கு அது தெரியவும் வராது. ஸ்கேன் செய்தவர், கடையை மூடிவிட்டார்கள் போல என்று நினைத்துப் போய்விடுவார்.

இதில் ஒரு வேடிக்கை. க்யூஆர் கோட்டை 1994-ல் உருவாக்கியது ஜப்பானின் டென்சோ வேவ். கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைப்பதற்காகச் செய்தார்கள். காப்புரிமை கையில் இருந்தும், முறைப்படி பயன்படுத்துகிற யாரிடமும் அவர்கள் காசு கேட்கவில்லை. கண்டுபிடித்தவரே வாடகை வாங்காத பொருளுக்கு, நடுவில் புகுந்தவருக்கு நம் எலெக்ட்ரீஷியன் ஏன் மாத வாடகை கட்ட வேண்டும்? குட்டி ஜப்பான் என்று பெயர் வாங்கிய ஊர்க்காரர்களாவது இதைக் கேட்க வேண்டும்.

ஆகவே 'ஸ்டாட்டிக்' கோடு போடுங்கள். விகார்டு என்ற தொடர்பு வடிவம் 1990-களிலிருந்தே இருக்கிறது, இன்றைய போன்கள் அதைப் புரிந்துகொள்ளும். பெயரும் நம்பரும் கோட்டுக்குள்ளேயே இருக்கும். நெட் இல்லாத இடத்தில்கூட ஸ்கேன் செய்து போனில் சேமிக்கலாம். அச்சடித்த பிறகு மாற்ற முடியாது என்பது குறைதான். அதனால்தான் மாறாத சங்கதியை மட்டும் உள்ளே வையுங்கள் என்கிறேன். வாடிக்கையாளருக்குச் சொந்த வெப்சைட் இருந்தால் அந்த முகவரியைப் போடலாம், அது அவருடைய பெயரில் இருப்பது.

கோட்டுக்குள் எவ்வளவு திணிக்கிறோமோ அவ்வளவு கட்டங்கள் பொடியாகும். தமிழில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. எல்லாப் போனும் படிக்கிற எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'முருகன்' என்ற பெயர் 21 பைட் பிடிக்கும், அதையே ஆங்கிலத்தில் எழுதினால் 7 தான். அதற்காகத் தமிழை விட வேண்டாம். முகவரி, ஈமெயில், தொழில் விவரம் என்று மூட்டை கட்டாமல் விட்டால் போதும். சதுரத்தைச் சுற்றி நாலு கட்ட அளவு வெள்ளை இடம் விடச் சொல்கிறது விதி. ஃப்ரேம் போட வசதியாக இருக்கிறதென்று அதைத் தின்றுவிடாதீர்கள். தங்க ஃபாயிலில் க்யூஆர் அடித்துத் தரச் சொல்பவருக்கு, வெளிச்சத்தில் அது மின்னினால் கேமரா திணறும் என்று ஒரு தடவை செய்து காட்டுங்கள். நடுவில் லோகோ வைத்தால், க்யூஆர்மேல் கீறல் விழுந்தாலும் படிக்க உதவும் உபரித் தகவலில் ஒரு பங்கை லோகோவே விழுங்கிவிடும்.

தமிழ் என்றதும் இன்னொன்று. இன்னும் நம்மில் பலர் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவில்தான் டைப் அடிக்கிறோம். அச்சில் அழகாக வரும், மறுக்கவில்லை. ஆனால் அதை அப்படியே காப்பி எடுத்து க்யூஆருக்குள் போட்டால், ஸ்கேன் செய்பவர் போனில் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக விழும். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றாகிவிட்டது. நாம் எப்போது?

உள்ளே சிப் வைத்த என்எஃப்சி கார்டு பற்றியும் கேட்கிறீர்கள். போனில் தட்டினால் விவரம் வரும், பார்க்க ஜோராகத்தான் இருக்கும். விற்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் விலை குறைந்த போன்கள் பலவற்றில் அந்த வசதி கிடையாது. பரவலாகக் கிடைக்கும் ஒரு சிப்பில் எழுத இடம் 144 பைட்தான். அதனால் அதிலும் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய லிங்க்தான் உட்கார்ந்திருக்கும். மேலே சொன்ன வாடகைக் கதையேதான்.

அப்புறம், ஒரேயடியாக ஆயிரம் கார்டு அடிக்கிற அந்த வழக்கம். பிளேட் போட்டு, நிறங்கள் விலகாமல் ரிஜிஸ்டர் பிடித்து, மெஷின் ஏற்றுகிற செலவு நூறுக்கும் ஆயிரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே. பல பேருடைய கார்டை ஒரே ஷீட்டில் சேர்த்து ஓட்டுவதால்தான் சில நூறு ரூபாயில் ஆயிரம் கார்டு தர முடிகிறது. எனக்கும் தெரியும். ஆனால் அதில் எத்தனை கார்டு கடைசியில் பழைய பேப்பர் கடைத் தராசுக்குப் போகிறது? டிஜிட்டல் பிரஸ்ஸில் நூறு, இருநூறு எடுத்து, நல்ல தடிமனான அட்டையில், மேட் லேமினேஷன் இல்லாமல் கொடுத்துப் பாருங்கள். பேனாவால் அதன்மேல் ஏதாவது எழுதவாவது முடியும். நம் ஊரில் கார்டின் பின்பக்கம் எஸ்டிமேட் எழுதுவதற்கென்றே இருக்கிறது.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் ஃபைல் கேட்டால் "அது கோரல்ட்ரா சாஃப்ட்வேர்ல இருக்கு, உங்களால திறக்க முடியாது" என்று மழுப்பாதீர்கள். பிடிஎஃப் எடுத்து அவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். வேறு கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் புரிகிறது. ஆனால் அந்த பிடிஎஃப்பைத்தான் அவர் நாலு பேருக்கு அனுப்புவார். அதன் ஓரத்தில் உங்கள் பிரஸ் பெயரையும் சின்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள்.

இந்த வேலைக்கெல்லாம் நேரம் பிடிக்கும். அதை இலவசமாகச் செய்யச் சொல்லவில்லை. ப்ரூஃப் எடுத்து, வாடிக்கையாளர் போனிலேயே ஸ்கேன் செய்து, அவர் பெயர் சரியாக விழுவதைக் காட்டுங்கள். காட்டிவிட்டு க்யூஆருக்குத் தனியாகக் கூலி கேளுங்கள். கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு ஃபைல் அனுப்பும் ஒரு டிசைனர்