ஜூலை 25 சட்டம் நிர்ணயித்த நாள் அல்ல

ஆசிரியருக்கு, வணக்கம்.

குடியரசுத் தலைவர் ஜூலை 25 அன்றுதான் பதவியேற்க வேண்டும் என்று அரசியலமைப்பில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி எந்தப் பிரிவும் இல்லை. பதவியேற்ற நாளிலிருந்து 5 ஆண்டுகள் என்றுதான் 56-ஆவது பிரிவு சொல்கிறது. 1977 ஜூலை 25 அன்று நீலம் சஞ்சீவ ரெட்டி பதவியேற்றார். அவருக்குப் பின் வந்தவர்கள் எல்லோரும் முழுப் பதவிக்காலத்தையும் நிறைவு செய்ததால் தேதி நகரவில்லை, அவ்வளவுதான். இடையில் பதவி காலியானால் 6 மாதத்துக்குள் தேர்தல். புதியவருக்கு மீதிக் காலம் அல்ல, முழு 5 ஆண்டு. அப்போது தேதியும் மாறிவிடும்.

இன்னொன்று: அமைச்சர்களின் உறுதிமொழி மூன்றாவது அட்டவணையில் இருக்கிறது. குடியரசுத் தலைவருடையதை அங்கே தேடினால் கிடைக்காது. அதன் வாசகம் 60-ஆவது பிரிவிலேயே உள்ளது. அந்த உறுதிமொழியைச் செய்துவைப்பவர் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி; அவர் இல்லாவிட்டால், அங்கே இருப்பவர்களில் மூத்த நீதிபதி செய்துவைக்கலாம்.

நாடாளுமன்ற மைய மண்டபத்தில் நடக்கும் விழாவில் என் கண்ணில் நிற்பது ஒரு சின்னக் காட்சி. உறுதிமொழி முடிந்ததும் பழையவரும் புதியவரும் எழுந்து நாற்காலி மாறி உட்காருவார்கள். வெளியே 21 குண்டு முழக்கம். நேரலை வர்ணனையாளர்கள் அந்த நேரம் பார்த்து வேறு எதையாவது பேசிக்கொண்டிருப்பார்கள்!

- வாசகர், திருச்சி