கழுத்து வலிக்கு ஊசி: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

கழுத்து வலிக்கும் அதைத் தொட்டு வரும் தலைவலிக்கும் அக்குபங்சர் போகலாமா என்று கேட்டிருந்தாய். போகலாம். அந்த ஊசி உடம்புக்குள் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு போம்மா.

ரத்தம் எடுக்கும் ஊசி நடுவில் துளையுள்ள குழாய். சதையை அறுத்துக்கொண்டு இறங்கும். இது துளையில்லாத மெல்லிய கம்பி, பெரும்பாலும் 0.25 மி.மீ. தடிமன்தான். தோலைத் தாண்டும்போது ஒரு சுருக், பிறகு தசைக்குள் கனமாக, மந்தமாக, லேசாக மரத்தாற்போல ஓர் உணர்வு. சீனர்கள் இதை 'தே சி' என்பார்கள். உயிர்ச்சக்தி வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். நரம்பின் கணக்கில், ஆழத்தில் இருக்கும் மெல்லிய உணர்நரம்புகள் விழித்துக்கொண்டன என்று பொருள். அவற்றின் செய்தி தண்டுவடம் ஏறி மூளைக்குப் போகிறது. வலியை அமுக்கும் எண்டார்ஃபின்கள் சுரக்கின்றன.

இது வெறும் ஊகமில்லை. 1977-இல் மேயர், பிரைஸ், ராஃபி ஆகிய மூவர், பல்லில் மின்சாரத்தால் வலி உண்டாக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். வலி தாங்கும் அளவு கூடியது. எண்டார்ஃபின்களும் மார்பின் என்ற வலிமருந்தைப் போலவே வேலை செய்பவை. மார்பின் வகை மருந்துகளை முறிக்கும் நாலக்சோனைச் செலுத்தியதும் அந்தப் பலன் மங்கிப்போனது. 2010-இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் எலிகளின் காலில் ஊசியைச் சுழற்றினார்கள். சுற்றியுள்ள திசுவில் அடினோசின் என்ற வேதிப்பொருள் பெருகி, அங்கேயே நரம்பை அமைதிப்படுத்தியது. ஊசியைக் குத்திவிட்டுச் சுழற்றாமல் விட்டபோது பலன் இல்லை. அடினோசின் என்ற பெயரை நினைவில் வை, பின்னால் வேண்டும்.

இனி கசப்பான பகுதி. 2007-இல் ஜெர்மனியில் 1,162 முதுகுவலிக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஆறு மாதம் கழித்து, முறையான அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. அக்குபங்சர் குறித்துவைத்த புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2. மருந்து, பிசியோதெரபி என்று வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4. ஊசி போட்டுப் படுத்திருப்பது உதவுகிறது. எங்கே குத்துகிறோம் என்பதற்கு அங்கே பெரிய பங்கில்லை. அதனால் புள்ளி மயிரிழை தப்பினாலும் வீண் என்று பயமுறுத்துபவரை நம்பாதே. எல்லா நோய்க்கும் இதுவே போதும், மாத்திரையை நிறுத்து என்பவரிடமிருந்து உடனே எழுந்து வந்துவிடு.

போகும்போது கவனிக்க வேண்டியவை. முத்திரை போட்ட பாக்கெட்டை உன் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். ஒரு முறை போட்ட ஊசி குப்பைக்கு. எத்தனை ஊசி போட்டார்கள் என்று எண்ணி வை, எடுக்கும்போது கணக்கு சரியாக வர வேண்டும். வெறும் வயிற்றோடு போகாதே. முதல் சிட்டிங் உட்கார்ந்தபடி வேண்டாம், படுத்துக்கொள். சிலருக்குத் தலைசுற்றி மயக்கம் வரும். ஊசி 15 முதல் 30 நிமிடம் இருக்கும்.

உன் விஷயத்தில் பெரிய ஆபத்து தோள்பட்டைதான். கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவில் இருக்கும் அந்த மேட்டுத்தசைக்குக் கீழேயே நுரையீரலின் நுனி இருக்கிறது. ஒல்லியான உடம்பில் ஊசி நேர்குத்தாக ஆழம் போனால் நுரையீரல் உறை ஓட்டையாகிக் காற்று கசியும். வீட்டுக்கு வந்த பிறகுகூட நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வறட்டு இருமல் வரலாம். வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போ. ஊசி போட்டதையும் சொல். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தாலோ, கர்ப்பம் என்ற சந்தேகம் இருந்தாலோ ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கை மரத்துப்போவது, பிடி தளர்வது, இடி விழுந்தாற்போலத் திடீர்த் தலைவலி: இவை ஊசிக்கான கேஸ் அல்ல, டாக்டரிடம்தான்.

ஒற்றைத் தலைவலிக்கு 5 முதல் 8 வாரத்தில் 10 சிட்டிங் வரை என்பது இங்கிலாந்தின் வழிகாட்டுதல். ஆறு முடிந்தும் துளி மாற்றம் இல்லை என்றால் நிறுத்திவிடு என்பேன் நான். அதற்கு ஒரு டைரி வேண்டும்: வலித்த நாள், பத்துக்கு எத்தனை, போட்ட மாத்திரை. மாத்திரைக் கணக்கை ஒளிக்காதே. சாதாரண வலி மாத்திரையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் அதிகமாகப் போனால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அதற்கு எந்த ஊசியும் தீர்வாகாது.

இப்போது அடினோசின். விழித்திருக்கும் நேரமெல்லாம் அது மூளையில் சேர்ந்துகொண்டே போகும். அதுதான் இரவில் கண்ணைச் சொருக வைப்பது. மூளையில் அது போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகளில், காபியிலுள்ள காஃபீன் போய் உட்கார்ந்து இடத்தை அடைத்துவிடும். உள்ளே போன காஃபீனில் பாதி கழியவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். மாலை நாலு மணிக் காபி இரவு ஒன்பதுக்கும் பாதி இருக்கிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் அதே வலி கூடுதலாகத் தெரியும். ஆகவே மதியத்தோடு காபியை முடித்துக்கொள். விடுமுறையிலும் ஒரே நேரத்தில் எழு. ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கு.

கழுத்துக்கு ஊசியைவிட நான் நம்புவது ரப்பர் பட்டைப் பயிற்சி. டென்மார்க்கில் கழுத்து, தோள் வலியுள்ள 198 அலுவலக ஊழியர்களிடம் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள்: தினம் 2 நிமிடம், வாரம் ஐந்து நாள், 10 வாரம். அதற்கே வலி குறைந்தது. பட்டையின் நடுவை மிதித்துக்கொண்டு, முனைகளைப் பிடித்து, முழங்கையை லேசாக மடக்கி, கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்கி மெதுவாக இறக்கு. கை சோரும்வரை அல்லது 2 நிமிடம். தோளைக் காதுவரை உயர்த்திவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அப்படிச் செய்தால் வலிக்கிற தசையே மறுபடி பாரம் சுமக்கும். திரையின் மேல்விளிம்பைக் கண்ணுக்கு நேராக வை, அரை மணிக்கொரு தரம் எழுந்துகொள்.

தலைவலியோடு குமட்டினால் மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் கட்டைவிரலால் 2 நிமிடம் அழுத்திப் பார். அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலுக்கு நிறையச் சோதித்த புள்ளி அது, தனியாகவே செய்யலாம்.

முதல் சிட்டிங் முடிந்ததும் எங்கெங்கே குத்தினார்கள் என்று எழுது. பட்டை வாங்கியாயிற்றா என்பதையும்.

அன்புடன்,
அப்பா